குறி தவறாத அம்பு: கிராமத்தில் வில்வித்தைப் பயிற்சி

வில்லும் அம்பும் நம் மக்களுக்குப் புதியன அல்ல. கொல்லிமலையை ஆண்ட ஓரி, தன் வில்லாற்றலினாலேயே வல்வில் ஓரி என்று பெயர் பெற்றான். அவன் எய்த ஓர் அம்பு பல விலங்குகளை ஊடுருவிச் சென்றதாகப் புறநானூறு பேசுகிறது. அவன் பெயரால் கொல்லிமலையில் ஆடி மாதத்தில் அரசு விழாவும் நடைபெற்று வருகிறது. ஆயினும் இக்காலத்தில் வில்லை ஏந்துவது போருக்காகவும் அன்று, வேட்டைக்காகவும் அன்று. உடலுக்கு உறுதியும், கண்ணுக்குக் கூர்மையும், உள்ளத்திற்கு நிதானமும் தரும் விளையாட்டாகவே உலகெங்கும் மக்கள் வில்வித்தையைப் பயில்கின்றனர். 1920-க்குப் பின் ஒலிம்பிக் பந்தயங்களில் இடம் பெறாதிருந்த இவ்விளையாட்டு, 1972-இல் மியூனிக் நகரில் மீண்டும் சேர்க்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, அதாவது 1973-இல், இந்திய வில்வித்தைச் சங்கம் தோன்றியது.

இவ்விளையாட்டு நகரத்தாருக்கே உரியது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. அரியானா மாநிலத்தில் கைத்தல் மாவட்டத்தைச் சேர்ந்த அஜீத் நகர் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஹர்விந்தர் சிங். குழந்தைப் பருவத்தில் நோய்க்காகச் செய்த சிகிச்சையினால் அவருடைய கால்கள் வலுவிழந்தன. 2020-இல் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு ஏற்பட்டபோது, அவர் பயிற்சிக் கூடத்துக்குச் செல்ல வழியில்லாமற் போயிற்று. அவருடைய தந்தையார் அறுவடை முடிந்த தம் வயலையே மகனுக்கு எய்களமாக அமைத்துக் கொடுத்தார். 2021-இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் ஹர்விந்தர் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2024-இல் பாரிசில் தங்கப் பதக்கமே பெற்றார்.

அறுவடை முடிந்த வயல் நம் ஊரிலும் உண்டு. வைக்கோலும் மூங்கிலும் உண்டு. ஆர்வமுள்ள இளைஞரும் உளர். இல்லாதது யாது எனில், பயிலும் முறையே ஆகும். முறையின்றிப் பயின்றால் இரண்டு கேடுகள் விளையும். நாள்தோறும் நூறு அம்பு எய்தாலும் தேர்ச்சி வாராது. சில மாதங்களில் வில்கள் பரணுக்குப் போய்விடும். அதனினும் கொடிய கேடு, குறி தவறிய ஓர் அம்பு ஒரு குழந்தையின் மீதோ கால்நடையின் மீதோ பாய்தல். ஆகவே முறையான பயிற்சி எது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்க விரும்புகிறோம்.

தேர்ச்சியின் அடிப்படை

நல்ல வில்லாளிக்குக் கழுகுக் கண் இருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர். கண் வேண்டுவதே. ஆனால் கண்ணைவிட முதன்மையானது, ஒரு முறை செய்ததை அடுத்த முறையும் இம்மியும் மாறாமற் செய்யும் திறனாகும். இதை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம்.

நாணை முழுவதும் இழுத்த நிலையில் அம்பின் நுனிக்கும் அடிக்கும் இடையே ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீளம் உண்டு. ஒலிம்பிக் பந்தயத்தில் இலக்கு 70 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது; அஃதாவது அம்பின் நீளத்தைப் போல் 100 மடங்கு. அம்பின் நுனி அசையாதிருக்க, நாணைப் பிடித்த கை மட்டும் 1 மில்லிமீட்டர் விலகினாலும், அவ்விலகல் இலக்கில் 100 மடங்காகிச் சுமார் 10 சென்டிமீட்டர் ஆகிவிடும். அந்த இலக்கில் 10 புள்ளி பெறும் நடு வட்டத்தின் குறுக்களவோ 12.2 சென்டிமீட்டர்தான். நடுவினின்று 6.1 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் அம்பு அவ்வட்டத்துக்கு வெளியே போய்விடும். கையில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால் நடு வட்டம் தவறும் என்பது இதனால் விளங்கும்.

எனவே வில்வித்தைப் பயிற்சி என்பது இலக்கைப் பார்த்து அம்புகளை விட்டுக்கொண்டே இருப்பது அன்று. நிற்கும் நிலை, பிடிக்கும் பிடி, இழுக்கும் அளவு, விடும் விதம் ஆகியவை ஒவ்வோர் அம்புக்கும் ஒரே தன்மையாய் அமையுமாறு உடலைப் பழக்குவதே பயிற்சியாகும். உழவர் பெருமக்களுக்கு இது புதிதன்று. முதற் சால் கோணினால் அடுத்த சால்களும் கோணும் என்பதை அறிந்த உழவர், ஏரின் கொழுவைப் பார்த்துக்கொண்டே உழுவதில்லை. எதிர் வரப்பில் ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு, மேழியை ஒரே அழுத்தத்தில் பிடித்துச் செல்வர். வில்லாளியின் வேலையும் அத்தகையதே.

முதற்கண் பாதுகாப்பு

வில்லை வாங்குவதற்கு முன்பே களத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தொடக்கத்தில் 30 மீட்டர் தொலைவு போதுமானது. இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருத்தல் நலம். மேடு இல்லாவிடில், எய்யும் தொலைவுக்குக் குறையாத வெற்றிடமாவது பின்புறம் இருத்தல் வேண்டும். இருபுறமும் பத்துப் பத்து மீட்டர் ஒதுக்க வேண்டும். வண்டிப் பாதை, நடைபாதை, மேய்ச்சல் தரை, கிணற்றடி, பள்ளிக்கூடம் ஆகியவற்றை நோக்கி ஒருபோதும் இலக்கை அமைக்கலாகாது. மக்கள் நடமாடும் ஏரிக்கரையை மண்மேடாகக் கொள்வதும் தவறு. கரைக்கு அப்புறம் யார் வருகின்றனர் என்பது எய்பவருக்குத் தெரியாது.

எய்பவர் வடக்கு நோக்கி நிற்குமாறு களம் அமைப்பது வழக்கம். காலையிலும் மாலையிலும் கதிரவன் ஒளி கண்ணில் நேராகப் படாமைக்கு இது உதவும்.

களத்தின் குறுக்கே சுண்ணாம்பினால் ஒரு கோடு இடுக. எய்பவர் அனைவரும் அக்கோட்டில் நின்றே எய்தல் வேண்டும். அதற்கு ஐந்து மீட்டர் பின்னால் மற்றொரு கோடு இடுக. முறை வராதவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். பயிற்சிக்கு ஒருவர் பொறுப்பாளராக இருந்து விசில் ஊதி நடத்துவாராக. இரண்டு முறை ஊதினால் எய்பவர் கோட்டுக்கு வரலாம். ஒரு முறை ஊதினால் எய்யத் தொடங்கலாம். மூன்று முறை ஊதினால் அனைவரும் வில்லை வைத்துவிட்டு ஒருங்கே சென்று அம்புகளை எடுக்கலாம். இடைவிடாது பல முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். நாணை இழுத்து நிற்பவரும் அம்பை விடாமல் மெல்லத் தளர்த்திவிட வேண்டும். பந்தயக் களங்களில் கையாளப்பெறும் முறையும் இதுவே. ஒருவர் எய்துகொண்டிருக்கையில் மற்றொருவர் கோட்டைத் தாண்டுவதை எக்காரணத்தாலும் அனுமதிக்கக் கூடாது. கீழே விழுந்த அம்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் கோட்டைக் கடந்து எடுக்கலாகாது.

அம்பைப் பிடுங்கும்போதும் கவனம் வேண்டும். ஒரு கையை இலக்கின் மீது ஊன்றி, மறு கையால் அம்பை இலக்கை ஒட்டிப் பிடித்து, நேராக இழுக்க வேண்டும். அப்போது பின்னால் எவரும் நிற்கலாகாது. அம்பின் அடி கண்ணிற் குத்திய விபத்துகள் இவ்விளையாட்டில் நேர்வதுண்டு.

வானத்தை நோக்கி எய்வதைக் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும். எளிய வில்லினின்று மேல்நோக்கி விட்ட அம்பும் நூறு மீட்டருக்கு மேல் பறந்து, எய்தவர் அறியாத இடத்தில் விழும். பறவைகளையும் காட்டு விலங்குகளையும் எய்வது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதையும் இளைஞருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கருவிகள்

உலகப் பந்தயங்களில் பயன்படும் வில்லும் துணைக் கருவிகளும் இலட்ச ரூபாயைத் தாண்டும். அவை தொடக்கத்திற்கு வேண்டியனவல்ல. நம் நாட்டில் மூங்கில் வில்லுக்கென்றே ‘இந்தியன் ரவுண்டு’ என்னும் தனிப் பந்தயப் பிரிவு உண்டு. ராஞ்சியை அடுத்த சிற்றூரில் பிறந்த தீபிகா குமாரி, இளமையில் மூங்கில் வில்லில் பழகியவரே. 2010-இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில் தனிப் பிரிவிலும் மகளிர் அணிப் பிரிவிலும் அவர் தங்கம் வென்றார்.

வில்லைத் தேர்வதில் பெரும்பாலோர் செய்யும் பிழை, தம் வலுவுக்கு மிஞ்சிய வில்லை எடுப்பதாகும். வில்லின் இழுவலு ராத்தல், அதாவது பவுண்டு, கணக்கில் குறிக்கப்படும். சிறுவர் சிறுமியருக்கு 12 முதல் 16 ராத்தல், வளர்ந்தோருக்கு 20 முதல் 24 ராத்தல் தொடக்கத்தில் போதும். நாணை முழுதும் இழுத்து, கை நடுங்காமல் 15 வினாடிகள் நிற்க முடிந்தால் அவ்வில் உமக்கு ஏற்றது. முடியாவிடில் அது நாளைக்கு உரிய வில், இன்றைக்கு உரியதன்று. வலு மிஞ்சிய வில்லை இழுப்பவர் தோளை உயர்த்தியும் முதுகை வளைத்தும் பழகிவிடுவர். அப்பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்பதினும் கடினம்.

அம்புகள் ஒரே நீளமும், ஒரே நிறையும், ஒரே விறைப்பும் உடையனவாக இருத்தல் வேண்டும். நாணை முழுதும் இழுத்தபோது அம்பின் நுனி வில்லுக்கு முன்னால் சிறிதேனும் நீண்டிருக்க வேண்டும். குட்டையான அம்பு வில்லின் உட்புறம் நழுவி, வில் பிடித்த கையிலேயே பாயக்கூடும். எய்வதற்கு முன் ஒவ்வோர் அம்பையும் மெல்ல வளைத்துப் பார்த்து, கீறல் கண்டதை முறித்து எறிந்துவிட வேண்டும். வில் பிடிக்கும் முன்கைக்குத் தோற்காப்பும், நாண் இழுக்கும் விரல்களுக்குத் தோல் உறையும் தேவை. இவையின்றி எய்தால் நாண் அடித்துப் புண்ணாகும். புண்ணுக்கு அஞ்சிய கை, அறியாமலே குறியைத் தவற விடும்.

அம்பு தொடுக்காமல் வெறும் நாணை இழுத்து விடலாகாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே தங்கி, வில் வெடித்துவிடும். பயிற்சி முடிந்தவுடன் நாணைக் கழற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வில்லை வைக்க வேண்டும்.

இலக்கை ஊரிலேயே செய்யலாம். வைக்கோலைப் பிரியாக இறுகத் திரித்து, பாய் சுருட்டுவது போல் வட்டமாகச் சுற்றி, சணற்கயிற்றால் நெருக்கித் தைத்துவிட்டால், சுமார் 4 அடி குறுக்களவும் ஒரு சாண் கனமும் உள்ள நல்ல இலக்குக் கிடைக்கும். அதை மூங்கில் முக்காலியில் சற்றே பின்புறம் சாய்த்து, நடுப்புள்ளி தரையினின்று 130 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய நாலேகால் அடி, உயரத்தில் இருக்குமாறு நிறுத்துக. காற்றில் சாயாதபடி முளையடித்துக் கட்டுதலும் வேண்டும்.

எய்யும் முறை

முதலில் வலப்பக்கத்தாரா இடப்பக்கத்தாரா என்பதைக் கண்ணைக்கொண்டு தீர்மானிக்க வேண்டும். இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை விட்டு, இரு கண்களும் திறந்தபடி தொலைவிலுள்ள ஒரு மரத்தை அத்துளை வழியே பார்த்துக்கொண்டு, கைகளை மெல்ல முகத்தருகே கொண்டு வருக. துளை எந்தக் கண்ணை வந்தடைகிறதோ அதுவே மேலோங்கிய கண். வலக்கண் மேலோங்கியவர் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் நாணை இழுத்தல் நலம்; இடக்கண் மேலோங்கியவர் அதனை மாற்றிக் கொள்ளலாம். பின்வருவன வலக்கையால் நாண் இழுப்பவருக்குச் சொல்வன.

இடத்தோள் இலக்கை நோக்கும்படி பக்கவாட்டில், கால்களைத் தோளகலம் விரித்து, இரு காலிலும் சம பாரம் இருக்க நிற்க வேண்டும். நாணில் ஓர் இடத்தை நூல் சுற்றி அடையாளம் செய்து, அம்பின் அடியை எப்போதும் அங்கேயே பொருத்த வேண்டும். மூன்று இறகுகளில் நிறம் வேறான இறகு வில்லுக்கு வெளிப்புறம் நோக்கியிருக்க வேண்டும். சுட்டுவிரல் அம்புக்கு மேலும், நடுவிரலும் மோதிர விரலும் கீழுமாக நாணைப் பற்றுக. வில்லை இறுகப் பிடித்தல் கூடாது; கட்டைவிரலின் அடிப்பகுதியில் வில் தாங்கியிருந்தால் போதும். இறுகப் பிடித்த கை வில்லைத் திருகிவிடும்.

இடக்கையை உயர்த்தி நீட்டிய பின், நாணை ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். புயத்தால் மட்டும் இழுத்தால் விரைவில் களைப்பு உண்டாகும். தோட்பட்டைகள் இரண்டும் முதுகில் ஒன்றையொன்று நெருங்குவது போல் முதுகின் வலுவால் இழுப்பதே முறை. கிணற்றில் கயிறு இழுத்துப் பழகியவருக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

இழுத்த கை முகத்தில் ஓரிடத்தில் வந்து தங்க வேண்டும். தாடையின் கீழோ வாயின் ஓரமோ, எதுவாயினும் அஃது ஒவ்வொரு முறையும் அதே இடமாக இருத்தல் வேண்டும். மேலே சொன்ன ஒரு மில்லிமீட்டர் கணக்கு இங்கேதான் பலிக்கிறது. கை தங்கியபின் இரண்டு மூன்று வினாடிகள் குறியை நிறுத்தி, பின் விரல்களைத் தளர்த்திவிடுக. நாணை விடுவதென்பது விரல்களைப் பலவந்தமாகத் திறப்பது அன்று, பிடியைத் தளர்த்துவதேயாம். தானாக நழுவும் நாண் அம்பை நேராகச் செலுத்தும். அம்பு இலக்கைச் சேரும் வரையில் வில் பிடித்த கையைத் தாழ்த்தாமல் நிற்பது கடைசி விதி. அம்பு எங்கே போயிற்று என்று எட்டிப் பார்க்கும் ஆவலில் கையைத் தாழ்த்துவோரின் அம்புகள் கீழே விழுவதைக் காணலாம்.

பயிற்சியின் படிகள்

நெல்லை நேரே வயலில் விட்டுவிடாமல் முதலில் நாற்றங்காலில் வளர்த்து, பின் நடுகிறோம். வில்வித்தைக்கும் ஒரு நாற்றங்கால் உண்டு. அதுவே வெற்றிலக்குப் பயிற்சியாகும். வைக்கோல் இலக்கில் வட்டமோ புள்ளியோ இல்லாமல், 3 முதல் 5 மீட்டர் தொலைவில் நின்று எய்க. தொலைவு குறைவாதலால் அம்பு தவறிவிடுமோ என்னும் கவலை இல்லை. வட்டம் இல்லாமையால் புள்ளி சேர்க்கும் ஆசையும் இல்லை. மனம் முழுவதும் நிற்றல், இழுத்தல், தங்குதல், விடுதல் ஆகியவற்றில் பதியும். முதல் இரண்டு வாரங்கள் இதையே செய்தல் வேண்டும். சலிப்பாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் தேர்ந்த வீரரும் நாள்தோறும் முதற் சில அம்புகளை இவ்வாறு எய்தே பயிற்சியைத் தொடங்குகின்றனர்.

அடுத்த படி 10 மீட்டர். இங்கும் நடுப்புள்ளியைத் தொடுவது குறிக்கோள் அன்று. ஆறு அம்புகளும் நெருங்கி விழுவதே குறிக்கோள். ஆறும் ஒரு சாண் அகலத்துக்குள் மூன்று நாட்கள் தொடர்ந்து விழுந்தால் 18 மீட்டருக்குச் செல்லலாம். அதன் பின் 30 மீட்டர். பிழை தொலைவோடு சேர்ந்து பெருகும். 10 மீட்டரில் ஒரு சாண் விரிந்த அம்புகள் 30 மீட்டரில் மூன்று சாண் விரியும். அவசரப்பட்டுத் தொலைவைக் கூட்டியவர் அம்புகளைத் தேடுவதிலேயே பொழுதைப் போக்குவர்.

ஒரு நாளைய பயிற்சி ஒன்றரை மணி நேரம் போதும். பத்து நிமிடம் தோளும் கையும் தளர உடற்பயிற்சி. பின் வெற்றிலக்கில் 12 அம்புகள். பின் தொலைவில் ஆறாறாக 36 அம்புகள். இறுதியில் மீண்டும் வெற்றிலக்கில் ஆறு அம்புகள். வாரத்தில் நான்கு நாட்கள் இவ்வாறு செய்வது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருநூறு அம்பு எய்வதினும் மேலானது. கை நடுங்கத் தொடங்கியபின் எய்யும் அம்புகள் பிழையையே பழக்கமாக்கும். அப்போது நிறுத்திவிடுவதே அறிவுடைமை.

மழைக்காலத்தில் களத்துக்குப் போக இயலாவிடினும் பயிற்சியை விட வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபைத் துண்டித்து வளையமாகக் கட்டி, வில் இழுப்பது போல் இழுத்து, கை முகத்தில் தங்கும் இடத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பழகலாம். வலுவைப் பெருக்க, முழுதும் இழுத்து 15 வினாடிகள் நின்று, விடாமல் மெல்லத் தளர்த்துவதைச் சில முறை செய்க. உலகப் பந்தயத்தின் முதற் சுற்றில் ஒருவர் 72 அம்புகள் எய்ய வேண்டும். முதலாவது அம்புக்கு இருந்த வலு எழுபத்திரண்டாவதற்கும் இருந்தால்தான் வெற்றி உண்டு.

அம்புகள் சொல்லும் செய்தி

இலக்கில் தைத்த அம்புகளைப் பிடுங்குமுன் அவற்றைப் படித்தறிதல் வேண்டும். அம்புகள் நெருங்கியிருந்தும் நடுவினின்று விலகியிருந்தால், எய்யும் முறை சரி. குறி வைத்த இடமே தவறு. குறிகாட்டி இல்லாத மூங்கில் வில்லில், அம்பின் நுனியை வைத்துப் பார்க்கும் இடத்தை மாற்ற வேண்டும். ஒரு சாண் மேலே குவிந்தால் ஒரு சாண் கீழே குறி வைக்கலாம். குறிகாட்டி உள்ள வில்லில், அம்புகள் சென்ற திசையிலேயே அதை நகர்த்த வேண்டும். அம்பு மேலே சென்றால் குறிகாட்டியையும் மேலே ஏற்ற வேண்டும்.

அம்புகள் நாலாபுறமும் சிதறியிருந்தாலோ குறியை மாற்றுவதில் பயனில்லை. பிழை எய்யும் முறையில் இருக்கிறது. வெற்றிலக்குக்குத் திரும்ப வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், ஒவ்வோர் அம்புக்கும் குறியை மாற்றிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை.

அம்புகளுக்கு 1, 2, 3 என எண் இடுதலும் நல்ல வழக்கம். ஐந்து அம்புகள் சேர்ந்து விழ, 4-ஆம் எண் அம்பு மட்டும் ஒவ்வொரு முறையும் வெளியே விழுந்தால், குற்றம் எய்தவரிடம் இல்லை. அந்த அம்பு வளைந்திருக்கலாம், அல்லது அதன் இறகு சிதைந்திருக்கலாம்.

சிலருக்குப் பழகிய சில காலத்துக்குப் பின் ஒரு தொல்லை ஏற்படும். குறி நடுப்புள்ளியைத் தொட்ட மாத்திரத்தில் கை தானாகவே நாணை விட்டுவிடும். நிறுத்த முயன்றாலும் நில்லாது. தேர்ந்த வில்லாளரையும் இது பற்றுவதுண்டு. ஆதலால் வெட்கப்பட வேண்டியதில்லை. புள்ளிகளை மறந்து சில வாரங்கள் வெற்றிலக்கில் எய்வதும், குறியை நடுவில் நிறுத்தி அம்பை விடாமலே தளர்த்திப் பழகுவதும் இதற்கு மருந்தாகும்.

கணக்கெழுதாத வேளாண்மையில் இலாப நட்டம் தெரியாதது போல், குறிப்பெழுதாத பயிற்சியில் வளர்ச்சி தெரியாது. நாள், தொலைவு, எய்த அம்புகள், அவை விரிந்த அகலம், காற்றின் திசை, அன்று கண்ட ஒரு பிழை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. ஒரு நாளில் ஒரு பிழையை மட்டும் திருத்த முயல்வதே போதும். ஐந்தையும் ஒருங்கே திருத்த முயல்பவர் ஒன்றையும் திருத்தார்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவ்வளவையும் தனி ஒருவர் ஏற்பாடு செய்தல் அரிது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்வந்தால் எளிதில் முடியும். களத்துக்கான இடத்தைக் கிராம சபையில் வைத்து, அக்கம் பக்கத்து நிலத்தாரின் இசைவோடு தீர்மானித்தல் முதற் கடமை. பயிற்சி நடக்கும் நாளும் நேரமும் ஊரார் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்நேரத்தில் களத்தின் நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி நட வேண்டும். வில்லும் அம்பும் பொறுப்பாளரிடம் பூட்டி வைக்கப்பட வேண்டும். சிறுவர் தனியே எடுத்துச் செல்லலாகாது. தொடக்கத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாகக் கேட்டுப் பெற முயலலாம். ஏட்டைப் படித்துப் பெறும் அறிவு, பக்கத்தில் நின்று தோளைத் திருத்தும் கைக்கு ஈடாகாது.

பெண் மக்களுக்கும் உடற்குறை உடையோருக்கும் களத்தில் சம இடம் வேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். ஜம்மு காஷ்மீரத்துக் கிஷ்துவார் மாவட்டத்தின் மலைச் சிற்றூர் ஒன்றில், கைகள் இல்லாமற் பிறந்த சீதள் தேவி, காலால் வில்லைப் பிடித்து எய்து, 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ராக்கேஷ் குமாருடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் பிரிவில் வெண்கலம் பெற்றார். ராஜஸ்தானத்து உதயப்பூர் மாவட்டத்தில் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம், 1992-இல் பீஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர் தொலைவில் 360-க்கு 358 புள்ளிகள் பெற்று அந்நாளைய உலகச் சாதனையைச் சமன் செய்தார். 36 அம்புகளில் அவர் இழந்தவை இரண்டே புள்ளிகள்.

நம் ஊர் இளைஞர் அனைவரும் பதக்கம் பெறுவர் என்று நாம் கூறவில்லை. ஆனால் மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, விசில் ஒலிக்குக் கட்டுப்பட்டு, தன் பிழையைத் தானே கண்டு எழுதித் திருத்தும் பழக்கம் ஓர் இளைஞருக்கு அமையுமானால், அஃது அவருக்கும் ஊருக்கும் நிலைத்த செல்வமாகும். தை அறுவடை முடிந்ததும் ஒரு வயல் ஒதுக்கப்படட்டும். வைக்கோலைப் பிரியாகத் திரித்து இலக்கு ஒன்று செய்யப்படட்டும். முதல் அம்பு ஐந்து மீட்டர் தொலைவினின்றே எய்யப்படட்டும்.